மதுரையின் பகலையும் இரவையும் கேமில் அமைக்கும் முறை

மதுரையைக் களமாகக் கொண்டு கேம் உருவாக்குவோர், பகல் இரவுச் சுழற்சியை வண்ணங்களிலிருந்து தொடங்காமல் சூரியனின் பாதையிலிருந்து தொடங்க வேண்டும். அன்ரியல், யூனிட்டி, கோடோ எனக் கேம் உருவாக்கும் மென்பொருளான எந்த என்ஜினிலும் டைரக்‌ஷனல் லைட் எனப்படும், ஒரே திசையில் ஒளி வீசும் சூரிய விளக்கைக் கிழக்கிலிருந்து மேற்கே சுழலவிட்டு மாலையில் ஆரஞ்சு நிறம் ஏற்றுவது எளிது. ஆனால் நிழல் தவறான திசையில் விழுந்தால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், இது நம் ஊர் வெயில் இல்லை என்பதை மதுரைக்காரர் உணர்ந்துவிடுவார்.

மதுரை ஏறத்தாழ 9.9 பாகை வட அட்சத்திலும் 78.1 பாகை கிழக்குத் தீர்க்கத்திலும் உள்ளது. இந்திய நேரம் 82.5 பாகையைக் கொண்டு கணிக்கப்படுவதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.17 மணிக்குத்தான், நவம்பர் தொடக்கத்தில் அது 12.01 அளவிலும் பிப்ரவரி நடுவில் 12.32 அளவிலும் நிகழும். அட்சம், தீர்க்கம், தேதி, நேரம் ஆகிய நான்கையும் கொடுத்தால் சூரியனின் உயரத்தையும் திசையையும் கணித்துத் தரும் வசதி அன்ரியலில் உண்டு. மற்ற என்ஜின்களில் சில வரி நிரல் எழுதினால் போதும்.

இந்தக் கணக்கின் பயன் மீனாட்சியம்மன் கோயிலின் வடக்குக் கோபுரத்தில் தெளிவாகத் தெரியும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்க, நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். இடைப்பட்ட மாதங்களில் அது உச்சிக்கு வடக்கே செல்வதால், ஆனியில் அக்கோபுரத்தின் வெளிமுகத்தில் நண்பகல் வெயில் சரிந்து விழுந்து, சுதைச் சிற்பங்களின் நிழல் கீழ்நோக்கி நீளும். மார்கழியில் சூரியன் தெற்கே சுமார் 57 பாகை உயரத்திலேயே நிற்பதால் அதே முகம் நிழலில் இருக்கும். கதை எந்த மாதத்தில் நடக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது அந்திப்பொழுது. நம் அட்சத்தில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், அது மறைந்த பின் அடிவானத்துக்கு 6 பாகை கீழே செல்ல 22 நிமிடங்கள் அளவே ஆகும். வட ஐரோப்பாவின் கோடைக்காலப் பொன்னொளி மணிக்கணக்கில் நீளக்கூடியது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு மதுரை மாலையை அமைத்தால் பொருந்தாது. கேமில் ஒரு நாள் 24 நிமிடங்கள் என்றால் இந்த 22 நிமிடங்கள் 22 வினாடிகளாகச் சுருங்கி, மிக அழகான பொழுது கவனிக்கப்படாமலே கடந்துவிடும். ஆகவே சூரியன் அடிவானத்துக்கு 10 பாகை மேலிருந்து 8 பாகை கீழே செல்லும் வரை கடிகாரத்தை மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டி, நள்ளிரவையும் பிற்பகலையும் சற்று விரைவாக்கி ஈடுசெய்யலாம். சூரியனின் பாதையை மாற்றாமல் காலத்தின் வேகத்தை மட்டும் மாற்றுவதே நேர்மையான வழி என்பது என் கருத்து. மேற்கே நாகமலை எழுந்து நிற்கும் இடங்களில் பஞ்சாங்க அஸ்தமனத்துக்கு முன்பே வெயில் மறையும். மலையின் மாதிரி சரியாக இருந்தால் இது தானாகவே அமைந்துவிடும்.

வானத்துக்கு, காற்றிலும் தூசியிலும் பட்டு ஒளி சிதறுவதை, அதாவது வளிமண்டலச் சிதறலைக் கணிக்கும் அமைப்பைப் பயன்படுத்துங்கள். அக்கினி நட்சத்திர நாள்களில் தூசியைக் கூட்டினால் அடிவானம் வெளிறும். ஐப்பசி மழைக்குப் பின் குறைத்தால் யானைமலையின் விளிம்பு துலங்கும்.

எல்லாவற்றிலும் கடினமானது எக்ஸ்போஷர், அதாவது காட்சியின் வெளிச்சத்தைத் திரைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் அலகில் நேரடி வெயில் ஏறத்தாழ 1,00,000. பௌர்ணமி நிலவு கால் லக்ஸ் அளவே. இந்த வேறுபாட்டை எந்தத் திரையும் அப்படியே காட்டாது. தானியங்கி எக்ஸ்போஷருக்குக் கீழ், மேல் எல்லைகளை வகுக்காவிட்டால் அது இரவையும் பகலாக்கிவிடும். கண் வெளிச்சத்துக்கு விரைவாகவும் இருளுக்கு மெதுவாகவும் பழகுவதால் இரண்டு வேகங்களையும் தனித்தனியே அமைக்க வேண்டும். சித்திரை வீதி வெயிலிலிருந்து புதுமண்டபத்துக்குள் நுழைபவருக்குத் தூண்சிற்பங்கள் சில கணங்கள் கழித்தே துலங்க வேண்டும்.

நிலவொளிக்கு நீல நிறம் கொடுப்பது பரவலான பழக்கம். உண்மையில் அது வெயிலைவிடச் சற்றுச் செம்மை கலந்தது. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கே அது நீலமாகத் தோன்றுகிறது. எனவே விளக்கை நீலமாக்காமல், இரவில் முழுக் காட்சியின் நிறச்செறிவையும் குறைத்துச் சிறிது நீலச்சாயல் சேர்ப்பது நல்லது. பௌர்ணமி நிலவு சூரியனுக்கு எதிர்த்திசையில் இருக்கும். அழகர் வைகையில் இறங்கும் சித்திரா பௌர்ணமி விடியலை அமைத்தால், கிழக்கு வெளுக்கும்போது நிலவு மேற்கே தாழ்ந்திருக்க வேண்டும்.

தெருவிளக்குகள் எல்லாம் ஒரே நொடியில் எரியக்கூடாது. சூரியனின் உயரத்தைக் கொண்டு அவற்றை இயக்கி, ஒவ்வொன்றுக்கும் சிறு தாமதம் கொடுங்கள். பழைய சோடியம் விளக்கு, ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவில் 2,000 அருகே மஞ்சளாகவும், எல்இடி 4,000 முதல் 6,500 கெல்வின் வரை வெண்மையாகவும் எரியும். மாசி வீதிகளில் இரண்டையும் கலந்தால் வெவ்வேறு காலத்தில் விளக்குகள் மாற்றப்பட்ட தெரு போலத் தோன்றும்.

சூரியன் அடிவானத்துக்குக் கீழே சென்றதும் நிழல் வீசும் பொறுப்பை நிலவுக்கு மாற்றுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நிழல் வீசினால் காட்சியை வரையும் சில்லான ஜிபியூவின் சுமை வீணாகக் கூடும். சூரியனைத் திரையில் அடுத்தடுத்து வரும் படமான ஒவ்வொரு ஃபிரேமிலும் நகர்த்தினால் நிழலின் ஓரங்கள் நடுங்குமாதலால், சிறு படிகளாக நகர்த்துங்கள். சோதனைக்குச் சாம்பல் நிற உருண்டை ஒன்றைக் காட்சியில் வைத்து விடியல், நண்பகல், அந்தி, நள்ளிரவு ஆகிய நான்கு பொழுதுகளிலும் பாருங்கள். ஏதேனும் ஒரு பொழுதில் அது தட்டையாகத் தெரிந்தால், வண்ணத்தைத் தொடுவதற்கு முன் நேரடி ஒளிக்கும் வான ஒளிக்கும் உள்ள விகிதத்தைத் திருத்துங்கள்.