சின்ன டிராக்டருக்குப் பேக்ஹோ மாட்டுவதற்கு முன்

மலேசியாவில் தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஐந்து பத்து ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை) வைத்திருப்பவர் 25, 30 குதிரைசக்தி டிராக்டருக்குப் பேக்ஹோ, அதாவது பின்னால் மாட்டும் மண் தோண்டும் கை, தேடிப் போனால், விற்பவர் முதலில் சொல்வது தோண்டும் ஆழத்தைத்தான். எட்டடி என்பார், ஒன்பதடி என்பார். நமக்கு அந்தக் கணக்கு அவ்வளவாக உதவாது. செம்பனை வரிசைகளுக்கு நடுவே வெட்டும் கால்வாய் மூன்று, மூன்றரை அடி. குழாய் பதிக்க ஐந்தடி போதும். அதற்கும் கீழே போனால் கெடுதல்தான். மேற்குக் கரையோரக் களிமண்ணில் பல இடங்களில் அடியில் கந்தகம் கலந்த சாம்பல்நிற மண் கிடக்கிறது. காற்றுப் பட்டால் அது அமிலமாக மாறும். கால்வாய்த் தண்ணீர் துருநிறமாகும், மரம் சோர்ந்துபோகும். ஆறு, ஆறரை அடி தோண்டும் பேக்ஹோ வாங்கி, மிச்சப் பணத்தை மாட்டும் சட்டத்தில் போடுங்கள்.

மாட்டுவதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, மண் கிளறும் ரோட்டவேட்டர் மாட்டும் அதே திரீ பாயிண்டில், அதாவது கீழே இரண்டு லிங்கும் மேலே ஒரு டாப் லிங்கும் உள்ள பின்பக்க இணைப்பில், மாட்டுவது. இன்னொன்று சப் ஃபிரேம்: பின் அச்சுக்கு அடியில் தொடங்கி முன்னால் மண் அள்ளும் லோடரின் பிராக்கெட் வரை ஓடும் இரும்புச் சட்டம். முதலாவது மலிவு, பத்து நிமிடத்தில் கழற்றிவிடலாம். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கீழ் லிங்குக்கு இரண்டு மீட்டர் கீழே பக்கெட் ஒரு வேரில் மாட்டி 600 கிலோ விசையோடு இழுக்கிறது. டாப் லிங்க், கீழ் லிங்குக்கு அரை மீட்டர் மேலே இருக்கிறது. அப்படியானால் டாப் லிங்கில் விழுவது 2,400 கிலோ. அத்தனையும் பின்பக்க வார்ப்பு இரும்பில் நாலைந்து போல்ட்டுகள் வழியாகத்தான் இறங்குகிறது. விரிசல் விட்டால் பழுதுபார்க்க டிராக்டரை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

அதைவிட மோசம் இன்னொன்று. பெரும்பாலான டிராக்டர்களில் திரீ பாயிண்ட் தூக்க மட்டும்தான் செய்யும், கீழே அழுத்திப் பிடிக்காது. பூமை, அதாவது பேக்ஹோவின் கையை, தரையில் ஊன்றி அழுத்தினால் பேக்ஹோவே மேலெழும்பி டிராக்டர் பக்கம் மடங்கும். ஓட்டுபவர் இருக்கை அதற்கும் டிராக்டருக்கும் நடுவில் இருக்கிறது. திரீ பாயிண்டுதான் என்று முடிவெடுத்தால், லிங்குகள் மேலே போகாதபடி கெட்டியான கம்பிச்சட்டம் கொடுத்து அச்சோடு பிணைக்காமல் வேலையில் இறக்காதீர்கள்.

அடுத்தது பேக்ஹோவை இயக்கும் ஹைட்ராலிக் ஆயில். பம்ப் நிமிடத்துக்குத் தள்ளும் லிட்டரை, பார் கணக்கில் உள்ள அழுத்தத்தால் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 30 லிட்டர், 160 பார் என்றால் 8 கிலோவாட், அதாவது கிட்டத்தட்ட 11 குதிரைசக்தி. 25 குதிரைசக்தி டிராக்டர் இதைத் தாராளமாகக் கொடுக்கும். டிராக்டரின் சொந்தப் பம்ப் 20 லிட்டருக்குக் கீழே என்றால் கை மெதுவாக அசையும், அப்போது பி.டி.ஓ.வில் (இஞ்சின் சக்தியில் டிராக்டருக்குப் பின்னால் சுழலும் தண்டு) ஓடும் பம்பும் தனித் தொட்டியும் வேண்டும். 30 லிட்டர் பம்புக்குத் தொட்டி 30 லிட்டராவது இருக்கட்டும். நம் வெயிலுக்குச் சின்னத் தொட்டி மதியத்துக்குள் கொதித்துவிடும். ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் டிராக்டர்களில் பி.டி.ஓ.வுக்கு மூன்று நான்கு வேகம் இருக்கும். நிமிடத்துக்கு 540 சுற்றுக்கு உரிய முதல் வேகத்தைத் தவிர வேறெதிலும் பம்பை ஓட்டாதீர்கள்.

டிராக்டர் பம்பிலிருந்தே எடுப்பதானால், திரும்பி வரும் ஹோஸ் தொட்டிக்குப் போகும் வழியில் எங்கும் அடைபடக்கூடாது. ஹோஸை இணைக்கும் குயிக் கப்ளர் பாதி மட்டும் செருகியிருந்தாலே அழுத்தம் ஏறி வால்வின் சீல் வெடிக்கும். இஞ்சினை முடுக்குவதற்கு முன் ஒவ்வொரு கப்ளரையும் கையால் இழுத்துப் பாருங்கள்.

பக்கெட்டில் 12 அங்குலம் குழாய்க் குழிக்கு மட்டும். கடலோரக் களிமண் அந்த ஒடுக்கமான பக்கெட்டில் கொழுக்கட்டை மாவுபோல் ஒட்டிக்கொண்டு கீழே விழாது. கால்வாய்க்கு 16, 18 அங்குலம் சரி. ஒவ்வொரு முறையும் பக்கெட்டைக் கால்வாய்த் தண்ணீரில் முக்கி எடுத்தால் மண் சீக்கிரம் கழலும். செம்பனை வேர் விரல் கனம்தான், பல் அறுத்துவிடும். வெட்டிய பழைய மரத்தின் அடிக்கட்டையைப் பிடுங்க மட்டும் இந்த மெஷினை நம்பவே வேண்டாம்.

பழையது வாங்கினால் சிலிண்டர் கம்பியைத் துடைத்துவிட்டு நகத்தால் நீளவாக்கில் தடவுங்கள். நகம் மாட்டும் இடத்தில் சீல் கிழியும். பக்கெட்டைத் தரையிலிருந்து ஓரடி தூக்கிவைத்து இஞ்சினை நிறுத்துங்கள். பத்து நிமிடத்தில் அது தரையைத் தொட்டால் சிலிண்டரோ வால்வோ உள்ளே கசிகிறது. மூட்டில் இருக்கும் பின் (முளை) ஆடுகிறதா என்று பார்க்கக் கடப்பாரையை மூட்டில் கொடுத்து நெம்புங்கள். முளையைச் சுற்றியுள்ள புஷ் தேய்ந்திருந்தால் மாற்றலாம். துளையே முட்டை வடிவமாகிவிட்டால் வெல்டிங், லேத் என்று பட்டறையில் செலவு இழுத்துக்கொண்டே போகும்.

பின்னால் 400 கிலோ தொங்கும்போது முன்சக்கரம் லேசாகும். லோடர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் முன்னால் எடை கட்டுங்கள். கால்வாய்மேல் போட்ட பலகைப் பாலங்களையும் மறுபடி பாருங்கள். லோடரும் பேக்ஹோவும் சேர்ந்தால் சின்ன டிராக்டரே இரண்டு டன்னை நெருங்கும், பாதிக்கு மேல் பின்சக்கரத்தில். தோண்டும்போது ஊன்றுகால்களுக்கு அடியில் ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான பலகை போடுங்கள், லோடர் பக்கெட்டைத் தரையில் அழுத்தி வையுங்கள். கால்வாய் எவ்வளவு ஆழமோ, அதன் விளிம்பிலிருந்து அவ்வளவு தூரமாவது ஊன்றுகால் தள்ளி நிற்கட்டும்.