அகன்ற பாதத்துக்கு ஐஸ் ஹாக்கி ஸ்கேட்: அளந்து வாங்கும் முறை

பேரணாம்பட்டிலிருந்து மலைப்பாதை ஏறினால் ஆந்திரத்தின் வி.கோட்டா வரும்; அங்கிருந்து சற்றுத் தொலைவில் குப்பம். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தமிழ் பேசும் எங்கள் ஊர்களில், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலோடு ஏதோ ஒரு வகையில் தொடர்பில்லாத குடும்பம் அரிது. நானும் ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதித் தொழிற்சாலையில், லாஸ்ட் பிரிவில், இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன். லாஸ்ட் என்பது ஷூவை உருவாக்கும்போது உள்ளே மாட்டப்படும் பாத வடிவ அச்சு. ஷூவின் நீளம், அகலம், உயரம் அனைத்தையும் தீர்மானிப்பது அதுதான்.

குப்பத்தில் வாழும் என் அக்காவின் மகன் வேலைக்காகக் கனடாவின் கால்கரி நகருக்குப் போனான். அங்கே வார இறுதிகளில், பனித்தரையில் ஆடும் ஐஸ் ஹாக்கியைப் பெரியவர்களுக்குக் கற்றுத்தரும் வகுப்பில் சேர்ந்து, ஒரு கடையில் அதற்கான ஸ்கேட், அதாவது பனியில் சறுக்கி ஓட அடியில் எஃகுத் தகடு பொருத்திய ஷூ, வாங்கினான். முதல் வாரமே தொலைபேசியில் அழைத்து, "மாமா, நீளம் சரியாத்தான் இருக்கு. ஆனா பத்து நிமிஷத்துல சுண்டுவிரல் மரத்துப் போகுது, உள்ளங்கால் பிடிச்சு இழுக்குது" என்றான். கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டு ஓர் அளவு பெரியதைக் கொடுத்தனுப்பினார். மரத்துப்போவது சற்றுக் குறைந்தது. ஆனால் இப்போது குதிகால் உள்ளே மேலும் கீழும் அசைந்து, இரண்டு குதிகால்களிலும் கொப்புளம் வந்துவிட்டது.

அகலம் போதாததை நீளத்தைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது என்பதற்கு லாஸ்ட் கணக்கே போதிய விளக்கம். அமெரிக்க அளவில் ஒரு முழு எண் ஏறினால் நீளம் ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர் கூடுகிறது; முன்பாதத்தின் அகலமோ இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் கூடுகிறது. ஆகவே பத்து மில்லிமீட்டர் அகலம் தேவைப்படும் ஒருவர் எண்ணை ஏற்றிக்கொண்டே போனால், அகலம் பொருந்தும் நேரத்தில் விரலுக்கு முன்னால் நாலு சென்டிமீட்டர் வெற்றிடம் இருக்கும். தெருவில் நடக்கும் ஷூவில் இந்தத் தளர்வை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். ஸ்கேட்டில் முழு உடல் எடையும் மிக மெல்லிய எஃகுத் தகட்டின் மேல் நிற்கிறது. குதிகால் ஆடினால் தகடு ஆடும், திரும்பும்போதும் நிற்கும்போதும் கால் சொன்ன இடத்துக்குப் போகாது.

நம் பாதம் அகலமாக இருப்பதில் குறையொன்றும் இல்லை. சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட இந்தியர்களின் பாதம் பொதுவாக அகலமானது என்று அதில் தெரிந்தது. அதன் அடிப்படையில் 'பா' என்ற பெயரில் இந்திய அளவு முறை ஒன்றும் முன்வைக்கப்பட்டது. வெறுங்காலோடும் வார்ச்செருப்போடும் வளர்ந்த பாதத்தில் விரல்கள் இயல்பாக விரிந்து நிற்கும். ஹாக்கி ஸ்கேட்டோ வட அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைக்காகச் செய்த லாஸ்டின் மேல் எழுவது. எனவே நம்மவர்கள் கனடாவில் வாங்கினாலும், ராணுவப் பணியில் லடாக்கில் இருக்கும்போது ஆடக் கற்றுக்கொண்டாலும், கடையில் முதலில் நீட்டப்படும் சாதாரண அகல ஸ்கேட் அவர்களுக்குப் பொருந்தாமல் போக வாய்ப்பு அதிகம்.

முதல் வேலை அளப்பது. அதை மாலையில் செய்ய வேண்டும், ஏனெனில் பகல் முழுவதும் நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். தடித்த பழுப்புத்தாளை சமதளமான சிமெண்ட் தரையில் விரித்து, ஆட்டத்தின்போது அணியும் மெல்லிய காலுறையோடு, இரண்டு கால்களிலும் எடை சமமாக விழும்படி நிமிர்ந்து நிற்க வேண்டும். உட்கார்ந்து அளந்தால் பாதம் விரியாது. அளவு குறைவாகவே வரும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இன்னொருவர் வரைய வேண்டும். உள்பக்கம் சாய்த்துப் பிடித்தால் சில மில்லிமீட்டர் தொலைந்துவிடும், வெளிப்பக்கம் சாய்த்தால் இல்லாத அகலம் வந்துவிடும். போன பொங்கலுக்கு என் அக்கா மகன் குப்பம் வந்திருந்தபோது அக்கா வீட்டுத் திண்ணையில் நான் அவனுக்கு இப்படி வரைந்தேன். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே செருப்பு வார் விட்ட இடைவெளி தாளில் தெளிவாக விழுந்தது. சுண்டுவிரல் மூட்டுக்குப் பக்கத்தில் கோடு நேராக இறங்காமல் வெளியே புடைத்திருந்தது. நீளம் 27.5 சென்டிமீட்டர், அகலம் 11 சென்டிமீட்டர். வலது பாதம் இடதைவிட மூன்று மில்லிமீட்டர் நீளம். இரண்டு பாதமும் ஒன்றுபோல் இருப்பவர்கள் குறைவு, பெரிய பாதத்தின் அளவையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அகலம் என்று ஒரே எண்ணைச் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவால் இன்னும் இரண்டு சுற்றளவு எடுக்க வேண்டும். கட்டைவிரல் மூட்டையும் சுண்டுவிரல் மூட்டையும் தொட்டுச் சுற்றி வருவது ஒன்று. புறங்காலின் மேடான பகுதியைச் சுற்றி வருவது மற்றொன்று. பிறகு குதிகாலை, தாளில் வரைந்த கோட்டிலேயே, அதன் அகலமான இடத்தில் அளக்கலாம். முன்பாதம் அகலமாகவும் குதிகால் ஒடுக்கமாகவும் இருப்பவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கு எல்லாப் பக்கமும் அகன்ற ஸ்கேட் கொடுத்தால் குதிகால் மறுபடியும் ஆடும். புறங்கால் உயர்ந்தவருக்கு அகலம் சரியாக இருந்தாலும் லேஸ் மேலே அழுத்தி வலிக்கும். இந்த மூன்றில் எது தன் பாதத்தின் சிக்கல் என்று கடைக்குப் போகும் முன்பே தெரிந்திருந்தால், பாதி வேலை வீட்டுத் திண்ணையிலேயே முடிந்துவிடும்.

எண் விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். நம் நாட்டு ஷூ எண் பிரிட்டிஷ் முறையில் வருவது. ஆண்களுக்கான அமெரிக்க எண் அதைவிட ஏறத்தாழ ஒன்று கூடுதல். ஹாக்கி ஸ்கேட் எண்ணோ அமெரிக்கத் தெரு ஷூ எண்ணைவிட ஒன்று முதல் ஒன்றரை வரை குறைவு. அதாவது இங்கே 9 போடுகிறவருக்கு அமெரிக்க ஷூ 10, ஸ்கேட் எட்டரை அல்லது 9. இது தேடலைத் தொடங்குவதற்கான இடம் மட்டுமே. முடிவு செய்வது பாதம்தான்.

அகலக் குறியீடு ஸ்கேட் தயாரிக்கும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பழைய முறையில் 'டி' என்றால் சாதாரண அகலம், 'ஈஈ' என்றால் அகன்றது. பாவர் நிறுவனம் 2020 முதல் ஃபிட் 1, ஃபிட் 2, ஃபிட் 3 என்று மாற்றிக்கொண்டது. இவற்றில் ஃபிட் 3 அகலமும், புறங்காலின் உயரத்துக்கு இடம் தரும் உள்ளாழமும் அதிகம் உள்ளது. சிசிஎம் நிறுவனம் டேப்பர்டு, ரெகுலர், வைடு என்று மூன்று வடிவங்களில் தருகிறது. ட்ரூ நிறுவனத்திலும் வைடு உண்டு, பாதத்தை அளந்து தனியாகச் செய்து தரும் வசதியும் அங்கே இருக்கிறது. பாவரின் நெக்ஸஸ் வரிசை அகன்ற பாதத்துக்கென்றே பெயர் பெற்றது. இப்போது அது தயாரிப்பில் இல்லை, பழைய சரக்காகவோ ஒருவர் பயன்படுத்தியதாகவோதான் கிடைக்கும். முன்பாதம் அகன்று குதிகால் ஒடுங்கியவர்கள் ஒரே நிறுவனத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டிராமல் இரண்டு மூன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒவ்வொரு நிறுவனத்தின் லாஸ்டும் குதிகாலில் வெவ்வேறாக ஒடுங்கும்.

கடையில் காலை உள்ளே விடும் முன்பு, ஸ்கேட்டின் இன்சோலை, அதாவது உள்ளே பாதத்துக்கு அடியில் கிடக்கும் அட்டையை, வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன் மேல் நிற்க வேண்டும். பாதம் இரு பக்கமும் இன்சோலுக்கு வெளியே வழிந்தால் அந்த ஸ்கேட்டை அப்போதே ஒதுக்கிவிடலாம். என் அக்கா மகன் பழைய ஸ்கேட்டின் இன்சோலை நான் வரைந்த தாளின் மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பினான். சுண்டுவிரல் பக்கம் ஒரு நக அகலத்துக்குக் கோடு வெளியே தெரிந்தது. அவனுக்கு விரல் மரத்துப்போனதன் காரணம் அந்தப் படத்திலேயே இருந்தது.

அடுத்து ஸ்கேட்டைப் போட்டு, குதிகாலைத் தரையில் இரண்டு மூன்று முறை தட்டிப் பின்னால் ஒட்டச் செய்த பிறகே லேஸ் கட்ட வேண்டும். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி, ஸ்கேட்டின் முனையில் விரல்களை மூடியிருக்கும் முன்மூடியை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி ஆட்ட நிலைக்கு வந்தால் விரல்கள் சற்றுப் பின்வாங்க வேண்டும். நின்றாலும் மடக்கினாலும் விரல் மடங்கியே இருந்தால் நீளம் போதாது. அந்த மடக்கிய நிலையில் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைந்தால் சரி, இரண்டு நுழைந்தால் ஸ்கேட் பெரிது. உள்ளாழத்தைப் பார்க்க, லேஸைத் தளர்த்திவிட்டு, மேலிருந்து மூன்றாவது துளைகளின் குறுக்கே ஒரு பென்சிலை வைக்க வேண்டும். பென்சில் இரு பக்கத் துளைகளிலும் படிந்து, புறங்காலைத் தொடாமல் இருந்தால் ஆழம் போதும்; புறங்காலின் மேல் ஏறி நின்றால் அந்த ஸ்கேட் உங்கள் பாதத்துக்கு ஆழமற்றது. பதினைந்து இருபது நிமிடம் கடைக்குள்ளேயே அதைப் போட்டுக்கொண்டு இருங்கள். இறுக்கமாக, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அணைத்துப் பிடிப்பது நல்ல அறிகுறி. ஒரே இடத்தில் குத்துவது, விரல் மரத்துப்போவது, உள்ளங்காலில் தசை பிடிப்பது ஆகியவை அகலம் அல்லது ஆழம் போதாததன் அறிகுறிகள், இவை போகப்போகச் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

சூடாக்கிப் பதப்படுத்துவது பற்றியும் சொல்ல வேண்டும். இன்றைய ஸ்கேட்டுகளில் பெரும்பாலானவை வெப்பத்தில் இளகிப் பாத வடிவத்துக்குப் படியக்கூடியவை. கடையில் அதற்கென்று உள்ள அடுப்பில் 80 டிகிரி செல்சியஸ் அளவில் சில நிமிடம் வைத்து, சூடாகவே காலில் போட்டு, லேஸை மிதமாகக் கட்டி, நடக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வைப்பார்கள்; பிறகு ஒரு நாள் முழுவதும் பயன்படுத்தக் கூடாது. இதனால் கணுக்காலும் குதிகாலும் நன்கு படியும். ஆனால் விரலுக்கு மேல் இருக்கும் முன்மூடி கடினமான பிளாஸ்டிக், அது இளகாது. முன்பாதத்தின் அகலத்தை விலை கொடுத்து வாங்கும்போதே பெற்றாக வேண்டும் என்பதை அதனால்தான் வலியுறுத்துகிறேன். கணுக்கால் எலும்போ சுண்டுவிரல் மூட்டோ ஒரே இடத்தில் மட்டும் இடித்தால், அந்த இடத்தைச் சூடாக்கி உருண்டை முனைக் கருவியால் உள்ளிருந்து வெளியே அழுத்தி விரிப்பார்கள்; ஆம்பூரில் ஷூவுக்கு நாங்கள் செய்வதும் இதே வேலைதான், அனுபவமுள்ள கையில் நன்றாக வரும். வீட்டு அடுப்பில் இவற்றை முயலாதீர்கள், வெப்பம் மிஞ்சினால் பசை விட்டு அடிப்பகுதி பிரியும்.

தகட்டைத் தீட்டுவதற்கும் ஸ்கேட்டைச் சூடாக்குவதற்கும் முன்பே மேற்சொன்ன சோதனைகளை முடித்துவிட வேண்டும். ஏனெனில் தகடு தீட்டப்பட்டதையும் சூடாக்கப்பட்டதையும் கடைகள் பெரும்பாலும் திரும்ப எடுப்பதில்லை. ஒருவர் பயன்படுத்திய ஸ்கேட் மலிவுதான், எனினும் அது அவருடைய பாதத்துக்குப் படிந்தது. கையை உள்ளே விட்டு, மேடு பள்ளங்களைத் தடவிப் பார்த்து எடுங்கள். குழந்தைகளுக்கு வளர்ச்சிக்காக அரை எண்ணுக்கு மேல் விடக் கூடாது. தடித்த கம்பளிக் காலுறை குளிருக்கு நல்லது என்று தோன்றும், ஆனால் கிடைத்த அகலத்தை அதுவே தின்றுவிடும், மெல்லியதே போதும். லேஸை முன்பாதத்தில் தளர்வாகவும், புறங்கால் வளைவில் இறுக்கமாகவும், மேலே மிதமாகவும் கட்டினால் அகன்ற பாதம் நிம்மதியாக விரியும்.

என் அக்கா மகன் இப்போது போட்டிருப்பது எட்டரை எண், ஃபிட் 3. புதிய ஸ்கேட்டின் இன்சோலையும் அதே பழுப்புத்தாளின் மேல் வைத்துப் படம் அனுப்பியிருந்தான். இந்த முறை பென்சில் கோடு எந்தப் பக்கமும் வெளியே தெரியவில்லை.