பால் உறையாத மூன்று இரவுகள்: உயிருள்ள தயிர் வைப்பது எப்படி?

மாசி மாதம் அம்மாவுக்கு நெஞ்சுச் சளி முற்றி, ஒரு வாரம் அன்டிபயோட்டிக் குளிசை எடுக்க வேண்டி வந்தது. சளி போனது, வயிறு கெட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "தயிர் கொடு பிள்ளை" என்றார்கள். முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம் பாலுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் நான் வைத்த பால் மூன்று இரவுகள் உறையவே இல்லை. காரணம் பிடிபட்டபோது, அம்மாவின் குடலில் நடந்ததும் என் சட்டியில் நடந்ததும் ஒரே விஷயம் என்று விளங்கியது.

தேவையானவை: ஒரு லீற்றர் பசும்பால், ஒரு மேசைக்கரண்டி உறை (பாலை உறையவைக்க இடும் பழைய தயிர்), மண்சட்டி, வெப்பமானி. எவர்சில்வர் பாத்திரத்திலும் தயிர் உறையும். எனக்கு மண்சட்டிதான் பிடிக்கும். அது மிஞ்சிய நீரைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்வதால் தயிர் வெட்டி எடுக்கும் பதத்தில் நிற்கும். புதுச்சட்டி என்றால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, சோறு வடித்த கஞ்சி ஊற்றிக் கொதிக்கவிட்டுப் பழக்குங்கள்.

பால் காய்ச்சுதல்

பொங்கியவுடன் இறக்கிவிடாதீர்கள். சிறு தணலில், கிளறிக்கொண்டே, மேலும் பத்து நிமிடம் வையுங்கள். அந்தச் சூட்டில் பாலிலுள்ள மோர்ப் புரதங்கள் குலைந்து கேசீன் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். தயிர் தண்ணீர் விடாமல் இருப்பது அதனால்தான்.

சூடு

பால் 42 அல்லது 43 பாகை செல்சியசுக்கு இறங்கும்வரை பொறுங்கள். 60 பாகையில் உறையை இட்டால் அதிலுள்ள நுண்ணங்கிகளால் பெருக முடியாது, பல செத்தும் போகலாம். 30 பாகையில் இட்டால் அவை மிக மெதுவாகவே பெருகும், அதற்குள் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளலாம். எங்கள் ஆச்சிமார் சுண்டுவிரலை வைத்தே சொல்லிவிடுவார்கள். அந்த விரலுக்குப் பின்னால் ஐம்பது வருடப் பழக்கம் இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் வெப்பமானி ஒன்று வாங்குங்கள், வீண் செலவாகாது.

உறை

நேற்றைய தயிர் போதும். அது இல்லாவிட்டால் சீனி சேர்க்காத, அண்மைத் திகதியிட்ட யோகட் கப் ஒன்று வாங்குங்கள். சீனியும் வாசனையும் ஜெலட்டினும் சேர்த்தவற்றை நான் உறைக்கு எடுப்பதில்லை. உறையை இரண்டு கரண்டிப் பாலில் கரைத்து, பிறகு சட்டியில் கலந்து மூடுங்கள். நான் சட்டியைச் சாக்கில் சுற்றி வைக்கோல் நிரப்பிய பெட்டிக்குள் வைப்பேன். ஆறு முதல் எட்டு மணித்தியாலம் அசைக்கக் கூடாது.

உள்ளே இரண்டு பற்றீரியாக்கள் கூட்டாக வேலை செய்கின்றன. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தெர்மோஃபிலஸ் முதலில் பெருகி, மற்றதற்குத் தேவையான ஃபோமிக் அமிலத்தைக் கொடுக்கும். லாக்டோபசிலஸ் பல்கேரிகஸ் பாற்புரதத்தை உடைத்து முதலாவதற்கு உணவாக்கும். இரண்டும் சேர்ந்து பாலின் லாக்டோசை லாக்டிக் அமிலமாக்குகின்றன. அமிலத்தன்மை பிஎச் 4.6 அளவுக்கு வரும்போது கேசீன் கட்டிப்படும். இரண்டாவது பற்றீரியாவை 1905இல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மருத்துவ மாணவர் தம் நாட்டுத் தயிரிலிருந்து பிரித்தெடுத்தார். அதன் பெயரில் பல்கேரியா வந்தது அப்படித்தான்.

எனக்கு உறையாமல் போன இடம்

முதல் இரவு உறையவில்லை. சூடு பிழைத்தது என்று நினைத்தேன். இரண்டாம் இரவு வெப்பமானியை வைத்துப் பார்த்தே செய்தேன், விடிய மூடியைத் திறந்தால் மேலே ஆடை, கீழே வெறும் பால். மூன்றாம் இரவு உறையை மாற்றினேன். அதே கதை. புளிப்பு வாசம்கூட இல்லை. சட்டியைச் சரித்தால் பால் தளும்பியது.

நான்காம் நாள் காலை, பால் கொண்டுவந்த பெரியம்மாவிடம் சொன்னேன். போத்தலைத் திண்ணையில் வைத்துவிட்டு யோசித்தார். "செங்காரிக்கு மடி வீங்கி ஊசி போட்டது பிள்ளை. பால் நல்ல வெள்ளையாகத்தானே வருகிறது?"

மடிவீக்கத்துக்குப் போடுவது பெரும்பாலும் பெனிசிலின் வகை அன்டிபயோட்டிக் மருந்துகள். அவை பாலில் இறங்கும். காய்ச்சினாலும் பெரும்பகுதி அழியாது. தெர்மோஃபிலஸ் இந்த மருந்துகளுக்கு மிக எளிதில் மடிகிற பற்றீரியா. பாலில் மருந்து எச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் சிலவற்றில் அதையே பயன்படுத்துகிறார்கள். என் சூடும் சரி, உறையும் சரி, பாலில்தான் மருந்து. அம்மாவின் குளிசை அவர் குடலிலிருந்த நல்ல நுண்ணங்கிகளுக்குச் செய்ததைத்தான், செங்காரியின் ஊசி என் உறைக்குச் செய்திருக்கிறது.

அன்றே இப்படிச் செய்து பார்த்தேன், நீங்களும் செய்யலாம். ஒரே அளவான இரண்டு கோப்பைகள் எடுங்கள். ஒன்றில் சந்தேகமான பால், மற்றதில் ஊசி போடாத வேறொரு மாட்டின் பால். இரண்டையும் ஒரேயளவு காய்ச்சி, ஒரே சூட்டில், ஒரே உறையிலிருந்து ஒவ்வொரு தேக்கரண்டி இட்டு, ஒரே பெட்டிக்குள் அருகருகே வையுங்கள். எனக்கு ஆறு மணித்தியாலத்தில் ஒன்று கத்தியால் வெட்டும் பதத்தில் உறைந்திருந்தது. மற்றது பாலாகவே கிடந்தது. உறைந்துவிட்டால் பாலில் மருந்தே இல்லை என்று அர்த்தமில்லை, குறைந்த அளவு எச்சம் தயிரைத் தடுக்காமலும் போகலாம். ஊசி போட்ட மாட்டின் பாலை, கால்நடை வைத்தியர் சொல்கிற அத்தனை நாட்களுக்கும் விலக்கத்தான் வேண்டும்.

இது மருந்தா?

இதில் நான் கவனமாக இருக்க விரும்புகிறேன். உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு 2001இல் தந்த வரைவிலக்கணத்தின்படி, போதிய அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணங்கிகளே புரோபயோட்டிக். 'உயிருள்ள', 'போதிய அளவு' என்ற இரண்டு சொற்களும் முக்கியம். எந்த நுண்ணங்கி, எவ்வளவு என்று சோதிக்கப்படாத வீட்டுத் தயிரை அந்தப் பெயரால் அழைக்க முடியாது. ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளை வைத்து நடந்து 2017இல் வெளியான ஆய்வில் குருதி நஞ்சாதல் கணிசமாகக் குறைந்தது. அங்கே கொடுத்தது தேர்ந்தெடுத்த ஒரே ஒரு லாக்டோபசிலஸ் பிளான்டாரம் வகை, அதன் உணவாக ஒரு சர்க்கரைப் பொருளோடு சேர்த்து, அளந்து.

தயிர் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. பால் குடித்தால் வயிறு ஊதுகிறவர்களுக்கு லாக்டோஸ் செரிக்க அதன் உயிருள்ள பற்றீரியாக்கள் உதவுகின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் இதை ஏற்றபோது, கிராமுக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள பற்றீரியா வேண்டும் என்றது. ஆகவே கொதிக்கிற குழம்பில் ஊற்றிய தயிரிடம் அந்த உதவியை எதிர்பார்க்காதீர்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரை வைத்துச் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் தயிர் போன்ற நொதித்த உணவுகளை நிறையச் சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணங்கி வகைகள் கூடின, அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் எனக்கு நம்பிக்கை தருகிறது.

அன்டிபயோட்டிக் முடிந்தவுடன் புரோபயோட்டிக் குளிசைகளை அள்ளிப் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி எடுத்தவர்களின் குடலுக்கு அவர்களுடைய சொந்த நுண்ணங்கிகள் திரும்பி வரத் தாமதமானது. அம்மாவுக்கு மதியம் ஒரு கோப்பைத் தயிர், குரக்கன், கீரை, பயறு என்றுதான் கொடுத்தேன். வயிறு ஒரு கிழமைக்குள் சரியானது. தயிரால்தான் சரியானது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் விஷயத்தில் வைத்தியரைக் கேட்காமல் எதுவும் கொடுக்காதீர்கள். இளஞ்சிவப்பு, பச்சை, கறுப்பு என்று பூஞ்சணம் பிடித்த தயிரை மேலே வழித்துவிட்டு உண்ண வேண்டாம், சட்டியோடு கொட்டுங்கள்.

வாசகர்கள் கேட்டவை (பிறகு சேர்த்தது)

கனடாவிலிருந்து ஒரு தங்கை, குளிர்காலத்தில் உறையவில்லை என்று எழுதினார். ஓவன் எனும் வெதுப்பு அடுப்புக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு சட்டியை வையுங்கள், முதலில் வெப்பமானியால் உள்ளே எத்தனை பாகை என்று பாருங்கள்.

கிளிநொச்சியிலிருந்து ஒருவர், தயிர் நூல் நூலாக இழுபடுகிறது என்றார். சில பற்றீரியாக்கள் இழுபடும் சர்க்கரைச் சங்கிலிகளைச் செய்யும், சூடு குறைந்தால் அது கூடும். வாசம் நன்றாக இருந்தால் பயமில்லை. அடுத்த தடவை 43 பாகையில் புது உறையோடு தொடங்குங்கள்.

பலர் கேட்டது எருமைப்பால் பற்றி. தாராளமாகச் செய்யலாம். கொழுப்பும் புரதமும் கூட என்பதால் இன்னும் இறுகும், என் வீட்டிலும் கிடைக்கிற நாளில் அதுதான்.

பெரியம்மா இப்போது ஊசி போட்ட மாட்டின் கொம்பில் சிவப்புத் துணி கட்டுகிறார். அந்த நாட்களின் பாலைத் தனியே கறந்து கொட்டிவிடுகிறார். அது அவருக்குக் கைநட்டம், அதனால் அந்த வாரம் மற்ற மாட்டின் பாலுக்கு நான் முன்பணம் கொடுக்கிறேன். நேற்று மாலை செங்காரியின் துணியை அவிழ்த்துவிட்டார். இன்றிரவு அதன் பாலில் ஒரு சிறு கோப்பை உறை வைத்திருக்கிறேன், பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க மற்ற மாட்டின் கோப்பை.