கடத்தப்பட்ட குழந்தையைப் பற்றிக் குழுவில் ஊகம் கிளம்பினால் என்ன செய்வது

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதற்கு நான் அட்மின். கறிவேப்பிலைக் கன்று யாரிடம் இருக்கிறது, பனிக்கால டயர் எங்கே மலிவு, ஊருக்குப் போகிறவர் யாராவது மருந்து வாங்கிவர முடியுமா, இதுதான் அங்கே வழக்கமான பேச்சு. 2018 அக்டோபரில் விஸ்கான்சின் மாநிலம் பாரன் ஊரில் அந்தச் சம்பவம் நடந்ததும் எல்லோரும் துப்பறிவாளர் ஆகிவிட்டார்கள். பாரன் எங்களுக்குக் காரில் ஒன்றரை மணி நேரத் தூரம். உள்ளூர் டிவியில் காலையும் மாலையும் அதே செய்தி. இப்படிப்பட்ட சமயத்தில் குழுவை எப்படி நடத்துவது என்று வேறு ஊர் அட்மின்கள் சிலர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதைவிட எழுதிவிடுவது மேல்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 15, நள்ளிரவு தாண்டி ஒரு மணி சுமார். ஒருவன் துப்பாக்கியோடு ஒரு வீட்டுக்குள் புகுந்து அப்பாவையும் அம்மாவையும் சுட்டுக் கொன்றான். 13 வயது மகளைக் கார் டிக்கிக்குள் போட்டு எடுத்துக்கொண்டு போனான். அம்மாவின் செல்போனிலிருந்து அவசர எண் 911க்கு அழைப்பு போயிருந்தது. பேசியவர் யாரும் இல்லை, கூச்சல் மட்டும் கேட்டது. சில நிமிடங்களில் போலீஸ் வந்துவிட்டது, ஆனால் பெண் இல்லை. 88 நாள் கழித்து, 2019 ஜனவரி 10 அன்று, சுமார் 70 மைல் வடக்கே கார்டன் என்ற இடத்திலிருந்து அவளே தப்பி வந்தாள். அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. உலகம் முழுக்கத் தெரிந்த பெயர்தான், இருந்தாலும் தேடுகிறவர்களுக்கு இன்னொரு பக்கம் கிடைக்க வேண்டாம்.

இடைப்பட்ட காலத்தில் எங்கள் குழுவில் என்னவெல்லாம் வந்தது தெரியுமா? பெண்ணுக்கு ஆன்லைனில் யாரோ பழக்கம். அப்பா யாரிடமோ கடன் வாங்கியிருக்கிறார். இருவரும் வேலை பார்த்த வான்கோழி ஆலையில் ஏதோ பகை. நாசூக்காக, "சின்னப் பொண்ணுன்னு நினைக்காதீங்க, இந்தக் காலத்துப் பிள்ளைங்க..." என்று இழுத்த ஓர் அண்ணாவும் உண்டு. அந்தப் பெண் சந்தேக வளையத்தில் இல்லை என்று பாரன் கவுண்டியின் (மாவட்டத்தின்) போலீஸ் தலைவரான ஷெரிஃப் கிறிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அது இந்தப் பேச்சை நிறுத்தவில்லை.

உண்மை என்னவென்றால், அவன் ஒரு சீஸ் ஆலைக்கு வேலைக்குப் போகும் வழியில் அவள் பள்ளிப் பேருந்தில் ஏறுவதைப் பார்த்திருக்கிறான். அவ்வளவுதான். அந்தக் குடும்பத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் அவள் பெயரே அவனுக்குத் தெரிந்தது. பெற்றோரின் பெயரைச் செய்தியில் பார்த்துத் தெரிந்துகொண்டான். இதை வீட்டில் உட்கார்ந்து யாரால் ஊகித்திருக்க முடியும்?

அட்மின் முதலில் கவனிக்க வேண்டியது இதுதான். ஊகம் எப்போதும் பாதிக்கப்பட்ட வீட்டைத்தான் சுற்றிவரும். அந்த வீட்டில் ஏதோ இருந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டால் நம் வீட்டுக் கதவைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை அல்லவா? எழுதுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்துபோனவர்கள். அதனால் திட்டாதீர்கள். திட்டினால் இன்னொரு குழு ஆரம்பித்து அங்கே எழுதுவார்கள், உங்கள் கண்ணிலும் படாது.

முதல் நாள்: ஒரே ஒரு செய்தியைக் குழுவின் உச்சியில் பின் (pin) செய்யுங்கள்

போலீஸ் வெளியிட்ட படம், வயது, உயரம், போலீஸ் தந்த தொலைபேசி எண், நீங்கள் அதைப் பதிவிட்ட தேதியும் நேரமும். இவை ஒரே பதிவில் இருக்கட்டும். நேரம் ரொம்ப முக்கியம். மூன்று நாள் பழைய தகவல் இப்போது வந்ததுபோலச் சுற்றும்போது, எது பழையது என்று காட்ட அது ஒன்றுதான் வழி. புதிய தகவல் வந்தால் பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பின் செய்த பதிவில் நான் இப்படி எழுதுவேன்:

"இந்தப் படத்தை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள். எதையாவது பார்த்திருந்தால் இங்கே எழுத வேண்டாம், மேலே உள்ள எண்ணில் சொல்லுங்கள். காரணம் என்னவாக இருக்கும் என்ற பேச்சை இந்தக் குழுவில் வைத்துக்கொள்ள வேண்டாம். கவலையாக இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தனியாக எழுதுவார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு "அக்கா, கதவுக்கு இன்னொரு பூட்டு போடலாமா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் ஊகத்தில் பாதி அடங்கிவிடும்.

படத்தைப் பரப்பலாம், கதையைப் பரப்பக் கூடாது

நான் எல்லாப் பேச்சையும் அடக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பொதுமக்கள் கவனம் பெரிய உதவி. கார்டனில் அந்தப் பெண் சாலைக்கு ஓடி வந்தபோது எதிரே வந்தது நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி. பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போனார். அந்த வீட்டில் இருந்தவர்களுக்குப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்தது. மூன்று மாதமாகப் பார்த்த முகம். அவள் சொன்ன அடையாளத்தை வைத்து, அவளைத் தேடிக் காரில் சுற்றிக்கொண்டிருந்தவனைச் சில நிமிடங்களில் பிடித்துவிட்டார்கள்.

2005இல் ஐடஹோவிலும் இதேதான். கோர் டி'அலீன் அருகே ஒரு வீட்டில் மூன்று பேரைக் கொன்றுவிட்டு இரண்டு குழந்தைகளை ஒருவன் கடத்திப் போனான். போதைப்பொருள், கடன் என்று ஊர் பேசியது. செய்தவனோ நெடுஞ்சாலையில் போகும்போது குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்த அந்நியன். பையன் உயிரோடு திரும்பவில்லை. 8 வயதுப் பெண்ணை ஏழு வாரம் கழித்து, அதே ஊரில் டென்னிஸ் (Denny's) என்ற உணவகத்தில் பணிப்பெண்ணும் வாடிக்கையாளர்களும் அடையாளம் கண்டு, அவன் கிளம்பிவிடாதபடி போலீஸ் வரும்வரை சமாளித்தார்கள். அங்கேயும் பயன்பட்டது முகம்தான்.

அதனால் படத்தைப் பற்றி யாராவது சலித்துக்கொண்டாலும் வாரம் ஒருமுறை மறுபடி போடுங்கள். முதல் வாரப் பரபரப்பு போன பிறகுதான் அதற்கு வேலை அதிகம்.

போலீஸ் சொல்வதையும் நிதானமாகப் படியுங்கள்

பாரன் சம்பவம் நடந்த அதே நாளில், தூரத்து ஃபுளோரிடா மாநிலத்து மயாமியில் அவளைப் பார்த்ததாகத் தகவல் வந்தது. விஸ்கான்சின் நம்பர் பிளேட் போட்ட கறுப்பு ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்று மயாமி போலீஸே ட்வீட் செய்தது. விசாரித்ததில் அது நம்பத்தக்கது இல்லை என்று தெரிந்தது. அடுத்த வாரம் இரண்டு கார்களைத் தேடுவதாக அறிவித்தார்கள்: சிவப்போ ஆரஞ்சோ நிறத்தில் ஒரு டாட்ஜ் சேலஞ்சர், கறுப்பு ஃபோர்டு எட்ஜ் அல்லது அக்யூரா எம்.டி.எக்ஸ். கடைசியில் அவன் ஓட்டிப் போனது ஃபோர்டு டாரஸ். பெண்ணை டிக்கியில் வைத்துக்கொண்டு கிளம்பிய சில நொடிகளில், எதிரே வந்த போலீஸ் கார்களுக்கு ஒதுங்கி வழிவிட்டதாக அவனே வாக்குமூலம் தந்தான்.

போலீஸ் முட்டாள்தனமாக நடந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தேடப்படும் கார் என்றால் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் கேமராவில் தெரிந்த கார், அவ்வளவுதான் பொருள். குழுவுக்கு வரும்போது அது "கொலைகாரன் கார்" ஆகிவிடும். எங்கள் வட்டாரத்தில் சிவப்பு சேலஞ்சர் வைத்திருந்த பையன்களை நினைத்துப் பாருங்கள். யாராவது தெருவில் நிற்கும் காரைப் படம் எடுத்துப் போட்டால் உடனே நீக்குங்கள், நம்பர் பிளேட் தெரிந்தால் இரட்டை வேகத்தில்.

ஆட்கள் விஷயத்தில் இன்னும் கறார். பெற்றோரின் இறுதிச் சடங்கு நடந்த நாளில் ஒருவன் அந்த வீட்டுக்குள் புகுந்து பெண்ணின் துணிகளைத் திருடிப் பிடிபட்டான். இவன்தான் என்று ஊரே முடிவு கட்டியது, யார்தான் நினைக்கமாட்டார்கள்? திருட்டு வழக்கு அவன் மேல் போட்டார்கள், ஆனால் கொலைக்கும் கடத்தலுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை என்று போலீஸ் உறுதி செய்தது. 2002இல் சால்ட் லேக் சிட்டியில் எலிசபெத் ஸ்மார்ட் படுக்கையறையிலிருந்து கடத்தப்பட்டபோது அந்த வீட்டில் முன்பு வேலை செய்த ஒருவர் மேல் சந்தேகம் விழுந்தது. வேறு காரணத்துக்காகச் சிறையில் இருந்த அவர் ஆகஸ்டில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்துபோனார். அடுத்த மார்ச்சில் எலிசபெத் உயிரோடு கிடைத்தாள். கடத்தியவன் வேறு ஆள். இறந்தவரின் மனைவியிடம், அவரைச் சந்தேகித்துப் பேசியவர்கள் யாராவது போய் மன்னிப்புக் கேட்டிருப்பார்களா என்ன?

அந்த வழக்கிலும் உதவியது குறிப்பான ஒரு தகவல். கடத்தியவனின் குரல், முன்பு கூரை வேலைக்கு வந்த ஒருவனின் குரல் என்று எலிசபெத்தின் தங்கைக்குச் சில மாதம் கழித்து நினைவுக்கு வந்தது. குடும்பம் அவன் முகத்தை வரைந்த படத்தை வெளியிட்டது. டிவியில் பார்த்தவர்கள் தெருவில் அவனை அடையாளம் கண்டார்கள்.

சரி, 2018இல் நம் ஊரில் என்ன நடந்தது என்பதும் எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற ஃபார்வேர்டு தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கும்பல் அடித்தே கொன்றது. அந்த ஃபார்வேர்டு எங்கள் குழுவுக்கும் வந்திருந்தது. ஒரு செய்தியை ஐந்து சாட்டுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். யாராவது "சும்மா எச்சரிக்கைக்குத்தான் அனுப்பினேன்" என்றால் போளூரை மட்டும் நினைவுபடுத்துவேன்.

உண்மையிலேயே எதையாவது பார்த்திருந்தால்

குழுவுக்கு முன் போலீஸுக்கு. சொல்ல வேண்டியது: எங்கே, எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் போனது, நீங்களே பார்த்தீர்களா அல்லது யாராவது சொன்னார்களா. "எனக்கென்னவோ அவன் மேல சந்தேகம்" என்பது தகவல் ஆகாது, "அவன் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை, அடுத்த நாள் தலையை மழித்துக்கொண்டு வந்தான்" என்பது தகவல். பாரனில் அவன் தடயம் விழாமல் இருக்கத் தலைமுடியையும் தாடியையும் மழித்துவிட்டுத்தான் போனான்.

வாசல் மணி கேமரா, காரின் டேஷ்கேம் இருக்கிறதா? பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும். ஒன்றும் தெரியவில்லை என்றாலும் அந்த இரவுக்கான பதிவைத் தனியாக எடுத்து வையுங்கள். கொட்டகை, கேரேஜ், பூட்டிக் கிடக்கும் இடம் இருந்தால் ஒருமுறை பாருங்கள். பாரனில் ஷெரிஃப் மான் வேட்டைக்குப் போகிறவர்களிடம்கூட அவரவர் நிலத்தைக் கவனிக்கச் சொன்னார். தேடப் போக ஆசையிருந்தால் போலீஸ் கூப்பிடும்போது போங்கள். அக்டோபர் 23 அன்று சுமார் 2,000 பேர் அப்படி வரிசையாக நடந்து தேடினார்கள். நாமாகக் காட்டுக்குள் போனால் தடயத்தை மிதிப்போம்.

அமெரிக்காவில் உடனடி ஆபத்துக்கு 911, காணாமல்போன குழந்தைகளுக்கான தேசிய மையம் 1-800-843-5678. இந்தியாவில் 112, குழந்தைகளுக்கு 1098. இலங்கையில் போலீஸ் 119, குழந்தைகளுக்கு 1929.

போலீஸ் ஏன் வாயே திறக்கவில்லை என்ற புலம்பலும் வரும். குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்த விவரங்களை அவர்கள் வேண்டுமென்றே மறைத்து வைப்பார்கள். இப்படிப்பட்ட வழக்குகளில் நான்தான் செய்தேன் என்று பொய்யாகச் சொல்கிறவர்களும் உண்டு. அவர்களைக் கழித்துக்கட்ட அது வேண்டும்.

வீட்டுப் பிள்ளைகள்

நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டாலும் பள்ளியில் கேட்டுவிட்டுத்தான் வருவார்கள். என் மகள் அப்போது ஏழாம் வகுப்பு. ஏறக்குறைய அந்தப் பெண் வயது. பேருந்து விஷயம் ஜனவரியில் வெளிவந்ததும் பேருந்து நிறுத்தத்துக்குப் போகமாட்டேன் என்றாள். "அந்தப் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல, அவங்க அப்பா அம்மா மேலயும் இல்ல" என்பதைத்தான் முதலில் சொன்னேன். அப்புறம் சில வாரம் நானும் நிறுத்தத்தில் போய் நின்றேன்.

குழந்தை கிடைத்த பிறகு

இங்கேதான் பல அட்மின்கள் அசந்துவிடுகிறார்கள். மகிழ்ச்சிச் செய்திக்கு இருநூறு கும்பிடும் கை வரும், பின்னாலேயே "அங்கே என்ன நடந்ததாம்?" என்று ஆரம்பிக்கும். பாரன் வழக்கில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். 2019 மே மாதம் பரோல் இல்லாத இரண்டு ஆயுள் தண்டனையும் அதற்கு மேல் 40 ஆண்டும் விதித்தார்கள். கார்டன் வீட்டில் நடந்தவற்றுக்காகத் தனி வழக்குப் போடப்போவதில்லை என்று கார்டன் இருக்கும் டக்ளஸ் கவுண்டியின் அரசு வழக்கறிஞர் அறிவித்தார். நீதிமன்றத்திலேயே கிளற வேண்டாம் என்று விட்ட விஷயத்தை நம் குழுவில் யாரும் கிளற வேண்டியதில்லை.

பின் செய்த பதிவை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். படத்தை அழிக்கச் சொல்லி எல்லோருக்கும் ஒரு வரி எழுதுங்கள், உங்கள் போன் கேலரியிலும் அழியுங்கள். முகநூலில் பகிர்ந்தவர்களிடம் அதையும் நீக்கச் சொல்லுங்கள். யாராவது விவரம் கேட்டு நச்சரித்தால், தண்டனை விவரத்தைச் சொல்லிவிட்டுப் பனிக்கால டயர் பேச்சுக்குத் திருப்பிவிடுங்கள். ஜனவரியில் அதற்கு எப்படியும் கிராக்கி இருக்கும்.