துருத்துவது எது, பிதுங்குவது எது, புடைப்பது எது?

கதவு நிலையில் அடித்த ஆணி முழுதாக இறங்காமல் தலை வெளியே நின்றால், அது துருத்திக்கொண்டிருக்கிறது. மழை நீர் ஊறிச் சுவரின் பூச்சு மேலெழும்பினால், அது புடைத்திருக்கிறது. கனிந்த மாம்பழத்தை அமுக்கினால் சதை பிதுங்குகிறது. மூன்றுமே ‘வெளியே வந்தன’ என்றாலும் ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் வாக்கியம் கெட்டுவிடும்.

முதலில் உள்ளிருந்து அழுத்தம் உண்டா என்று பாருங்கள். உண்டு, மேல்தோலும் கிழியவில்லை என்றால் புடைத்தல்: கை நரம்பு புடைக்கிறது, கல்லில் அதுபோல மேலெழும்பித் தெரிவது புடைப்புச் சிற்பம். (சுளகில் நெல் புடைப்பதும் இதே வடிவம்தான், பொருள் இடம் பார்த்துத் தெரியும்.) இடுக்கு வழியே மென்மையான பொருள் வெளியேறினால் பிதுங்குதல். ஆழ்கடலிலிருந்து வேகமாக இழுத்த மீனுக்குக் கண் பிதுங்குவது சரியான எடுத்துக்காட்டு: மேலே வர வர நீரின் அழுத்தம் குறைய, உடலுக்குள் இருக்கும் வாயு விரிந்து தள்ளுகிறது. காம்பின் மேல் நிற்கும் நண்டின் கண்ணைப் பிதுங்கியது என்று எழுதக்கூடாது. அது அமைப்பே அப்படி. தானாக வந்தால் பிதுங்கு, நாம் அமுக்கி வரச்செய்தால் பிதுக்கு.

‘துருத்து’ என்ற சொல்லில்தான் அதிகம் தவறு நடக்கிறது. இது செயப்படுபொருள் கேட்கும் வினை: நாக்கைத் துருத்தினான். ஆகவே ‘ஆணி துருத்தியது’ என்று நிறுத்தினால் எதைத் துருத்தியது என்ற கேள்வி எழும். ‘துருத்திக்கொண்டிருந்தது’, ‘துருத்தி நின்றது’ என்று முடியுங்கள். எழுத்து இடையின ‘ரு’. ‘துறு’ என்பது நெருங்குதல், செறிதல் என்ற வேறு வினை.

இதைவிட முக்கியம், இச்சொல்லுக்குள் ‘அங்கே இருக்கக்கூடாதது’ என்ற தீர்ப்பு ஒளிந்திருப்பது. ஒரு பந்தியில் பொருந்தாத சொல்லைத் ‘துருத்திக்கொண்டு தெரிகிறது’ என்பது அதனால்தான். கர்ப்பிணியின் வயிற்றை அப்படிச் சொல்வது அவமதிப்பு. மேடிட்டிருக்கிறது என்பதே முறை. பிரதேச சபைக்கு எழுதும் கடிதத்திலும் ‘தாவாரம் துருத்திக்கொண்டிருக்கிறது’ என்றால் கோபம் மட்டுமே தெரியும். ‘எல்லைக்கு வெளியே 2 அடி நீண்டிருக்கிறது’ என்றால் அளந்து பார்க்கலாம். லொறியின் பின்னால் தெரியும் கம்பிக்கும் இதே விதி: நீளமான பொருள் நீட்டிக்கொண்டிருக்கும்.

பல்லில் இன்னொரு குழப்பம். முன்னே தள்ளி நிற்பது எத்துப்பல். ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரிசை மாறியது தெற்றுப்பல். இரண்டும் ஒன்றல்ல.

நிலம் நீருக்குள் நீண்டால் அதற்குரிய பெயர்ச்சொல் முனை. நம் பக்கத்தில் அது ஊர்ப்பெயர்களிலேயே நிற்கிறது: மட்டக்களப்பில் மண்முனை, முனைக்காடு; அம்பாறையில் கல்முனை. இலங்கையின் கிழக்குக் கோடியான சங்கமன்கண்டி முனையும் அம்பாறை மாவட்டத்தில்தான் இருக்கிறது. இவற்றை விவரிக்கும்போது ‘கடலுக்குள் நீண்ட நிலம்’ அல்லது ‘வாவிக்குள் நீண்ட நிலம்’ என்று எழுதுங்கள், ‘துருத்திய நிலம்’ வேண்டாம். ஊசி முனை, பேனா முனை என்பதுபோல் வெறும் நுனியைக் குறிக்கவும் இச்சொல் வரும் என்பதால், நிலத்தைச் சொல்லும்போது கடலையோ வாவியையோ பக்கத்தில் வையுங்கள்.

முனைக்கு எதிர் குடா: நீர் நிலத்துக்குள் வளைந்து நுழைந்த இடம். பாசிக்குடா, கல்குடா, நாவற்குடா. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாடு என்னும்போது, ‘நாடு’ சேர்ந்ததும் பொருள் திரும்பி, மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த நிலமாகிவிடுகிறது. அவசரத்தில் ‘நாடு’ விடுபட்டால் நிலம் கடலாகிவிடும்.