துணி எடுக்கும்போது ஊதிப் பாருங்கள்

வெயிலுக்குச் சட்டையோ குர்த்தியோ எடுக்கும்போது, துணியை ஒரே அடுக்காக வாயருகே பிடித்து ஊதுங்கள். மறுபக்கம் வைத்திருக்கும் உள்ளங்கையில் காற்று பட்டால் எடுக்கலாம். படவில்லை என்றால், லேபிளில் 100 சதவீதம் காட்டன் என்று இருந்தாலும் ரேக்கிலேயே வைத்துவிடுங்கள்.

சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அதற்குப் பருத்தி நூல் மட்டும் போதாது, நெசவில் இடைவெளியும் வேண்டும். நெருக்கி நெய்த காட்டன் துணி வியர்வையை உறிஞ்சிக்கொண்டு, காயாமல் முதுகில் ஒட்டிக்கிடக்கும். மல் என்கிற மெல்லிய காட்டனும் தளர்வாக நெய்த கைத்தறியும் கூட்டமான பஸ்ஸில்கூடக் கொஞ்சம் காற்றை உள்ளே விடும். குர்த்தி என்றால் உட்புறம் திருப்பி லைனிங்கையும் ஊதிப் பார்க்க வேண்டும். மேலே அருமையான காட்டன், உள்ளே பாலியஸ்டர் லைனிங் என்று நிறைய வருகிறது. காசு கொடுத்துப் புழுக்கத்தை வாங்குகிற வேலை அது. அப்புறம், அக்குள் பக்கம் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிற சைஸாகப் பாருங்கள்.

கஞ்சி போட்ட புதுத் துணிக்கு இந்தச் சோதனை சரிவராது. கஞ்சி இடைவெளியை அடைத்திருக்கும், ஒருமுறை அலசினால் திறந்துகொள்ளும். உச்சி வெயிலில் டூவீலரில் போகிறவர்களுக்கும் இது பொருந்தாது: காற்று புகும் துணி வழியே வெயிலும் புகும். அவர்கள் மேலே அடர்த்தியான முழுக்கை காட்டன் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, போய் இறங்கியதும் கழற்றிவிடலாம்.