ஆல்ப்ஸ் ஏரிக்குடியிருப்புகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆல்ப்ஸ் மலையைச் சுற்றியுள்ள தொல்பழங்கால ஏரிக்குடியிருப்புகளைப் பற்றி எழுதுவோர் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு, இன்று ஏரியின் அடியில் தெரியும் மரமுளைகளை, அதாவது வீடுகளைத் தாங்க மண்ணில் ஊன்றிய கட்டைகளை, அப்படியே ஓர் ஊராகக் கண்டுவிடுவதுதான். ஆராய்ச்சியின் தொடக்கத்திலேயே பிறந்த தவறு இது. 1853–54 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் சூரிக் ஏரியின் நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்தபோது, ஓபர்மைலன் கரையில் வெளிப்பட்ட சேற்றில் மரமுளைகளும் கற்கோடரிகளும் மான்கொம்புக் கருவிகளும் கிடைத்தன. ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஏப்லி தகவல் அனுப்ப, அவற்றை ஆராய்ந்த தொல்லியலாளர் ஃபெர்டினாண்ட் கெல்லர், கடற்பயணிகள் வரைந்திருந்த நியூகினி நீர்வீடுகளின் சாயலில், நீருக்கு மேல் ஒரே பெரிய பலகை மேடையும் அதன்மீது ஓர் ஊரும் இருந்ததாக 1854-இல் எழுதினார்.

அந்த முளைக்காடு ஒரே காலத்தில் எழுந்தது அன்று. ஒரு முளையைக் குறுக்கே அறுத்து, ஆண்டுக்கு ஒன்றாக வளர்ந்த வளையங்களை எண்ணி, காலம் தெரிந்த மரங்களின் வளையங்களோடு ஒப்பிட்டால், பட்டைக்கு அடியிலுள்ள கடைசி வளையம் மரம் வெட்டப்பட்ட ஆண்டையே சொல்லிவிடும். கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் ஆர்போனில் அகழப்பட்ட ஊர் கி.மு. 3384-இல் தொடங்கி, கி.மு. 3370 அளவில் தீயில் அழிந்ததை இப்படித்தான் அறிந்தோம். ஒரு குழந்தை வளர்ந்து ஆளாகும் காலம்கூட அந்த ஊர் நிற்கவில்லை. பல இடங்களில் கைவிட்ட ஊரின்மேல் அடுத்த ஊர் எழுந்திருக்கிறது. ஆகவே முளைகளின் எண்ணிக்கையைக் கொண்டு மக்கள்தொகையைக் கணிப்பது கூடாது.

வீடுகள் நீர்மேல் நின்றனவா, கரையில் நின்றனவா என்று ஒற்றை விடை தேடுவதும் பிழையே. சுவிட்சர்லாந்தின் எகோல்ஸ்வில் சதுப்பில் தொல்லியலாளர் எமில் ஃபோக்ட் அகழ்ந்தபோது, களிமண் அடுப்புகள் தரையிலேயே அமைந்திருக்கக் கண்டார். வடஇத்தாலியின் ஃபியாவேயிலோ, வெண்கலக் கால மக்கள் ஏரித்தரையில் நீண்ட மரங்களை ஊன்றி நீருக்கு மேலேயே வீடு கட்டினர். நீர்மட்டம் ஏறி இறங்கும் கரைகளில், ஈரம் தொடாதபடி தரையை மட்டும் உயர்த்திக் கட்டியவர்களும் உண்டு. ஜெர்மனியின் உன்டர்உல்டிங்கனில் 1922 முதல் எழுப்பப்பட்டுவரும் மாதிரி வீடுகள் கண்ணுக்கு அழகானவை. ஆனால் நீர்மேல் நிற்கும் அந்த ஒரு காட்சியை எல்லா ஏரிகளுக்கும் பொதுவாக்கக் கூடாது.

இவர்களை ஒரே இனமாக, அதிலும் மீனவர் கூட்டமாகக் கொள்வதும் பரவலான தவறு. யுனெஸ்கோ 2011-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்ற 111 இடங்கள் ஆறு நாடுகளில் பரவியுள்ளன, கி.மு. 5000 முதல் கி.மு. 500 வரை பல பண்பாட்டினர், இடையிடையே நீண்ட இடைவெளி விட்டு, இக்கரைகளில் வாழ்ந்தனர். அவர்கள் மீன் பிடித்தார்கள் என்றாலும், கோதுமை, பார்லி, ஆளி, கசகசா பயிரிட்டு மாடும் பன்றியும் வளர்த்த உழவர்கள். சுவிட்சர்லாந்தின் ரோபன்ஹாவுசனில் யாகோப் மெஸ்ஸிகோமர் என்ற விவசாயி 1858 முதல் தோண்டியெடுத்தவற்றுள் ஆளிநார்த் துணியும் கருகிய ரொட்டியும் இருந்தன. பாதியாக வெட்டி உலர்த்திக் கருகிப்போன காட்டு ஆப்பிள்களும் இருந்தன. குளிர்காலத்துக்கென்று யாரோ கவனமாக நறுக்கி வைத்த அந்தத் துண்டுகள், எந்த மேடைச் சித்திரத்தையும்விட அம்மக்களை நமக்கு நெருக்கமாக்குகின்றன.

நீர் இவற்றை அழித்திருக்கும் என்று எண்ணுவதும் தவறு. சேற்றில் ஆக்சிஜன் புகாததால்தான் மரமும் நாரும் இத்தனை ஆயிரம் ஆண்டுகள் நிலைத்தன. கரையில் கண்ட முளையை நினைவுப்பொருளாகப் பிடுங்கி வீட்டில் வைத்தால், அது உலர்ந்து சுருங்கி வெடிக்கும். முதலில் உதிர்வது அதன் மெல்லிய வெளிவளையங்கள், அதாவது வெட்டிய ஆண்டைச் சொல்லும் பகுதி.